"அகதி" என்று அழைக்கப்படும் பிள்ளை

1996 யூலையில் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது, அக்கராயன், மல்லாவிப் பக்கப் பாடசாலைகளுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ஒரு பட்டப்பெயரும் சேர்ந்தது: "அகதி".

இப்படியான பட்டம் வகுப்பில் பிறப்பதில்லை. "எங்கள் கிணறு இவர்களால்தான் வற்றுகிறது" என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்ட பிள்ளை, மறுநாள் அதை வாங்கில் இருந்து சொல்கிறது. கிணற்று முறையை இரு பகுதியாரும் கூடி ஒழுங்கு செய்வதும் இதற்கு வைத்தியம்தான்.

காலையில் அடிக்கடி வயிற்றுவலி, கிழிந்த கொப்பி, சுற்றுப்பாதையால் வீடு வருதல்: இவற்றைக் கண்டால் பிள்ளையை அருகில் இருத்தி ஆறுதலாகக் கேளுங்கள். "நீயும் திருப்பி அடி" என்று அனுப்பாதீர்கள். மற்ற வீட்டுப் படலையில் போய்ச் சண்டை பிடித்தால் மறுநாள் அடி வாங்குவது உங்கள் பிள்ளையே. எந்த நாள், எந்த இடம் என்று வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். தொந்தரவு பெரும்பாலும் ஆசிரியர் கண்ணில் படாத ஒழுங்கையில்தான் நடக்கும். நாலைந்து பேராக, ஒரு பெரிய பிள்ளையோடு அனுப்புங்கள்.

பகிடி பண்ணுபவன் உங்கள் மகனாகவும் இருக்கலாம். பிரம்பை எடுக்காதீர்கள், பாடசாலையிலேயே 2005 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை அதைத் தடுத்திருக்கிறது. அடி வாங்கியவன் தன்னிலும் சிறியவனைத் தேடுவான். மற்றப் பிள்ளையை ஒரு மாலை விளையாடக் கூட்டிவரச் சொல்லுங்கள்.

காயம், பயமுறுத்தல் என்று வந்தால் 1929 என்ற இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையுடன் கட்டணமின்றிப் பேசலாம்.