வலுக்கூடிய கிளச்சும் பெடல் கணக்கும்

காரில் வலுக்கூடிய கிளச் ஒன்றைப் பூட்டிய பிறகு செய்யவேண்டிய கடைசி வேலை பெடலைச் சரிசெய்வது. பார்வைக்குச் சின்ன வேலைதான்: ஒரு நட்டைத் தளர்த்தி, தண்டைச் சிறிது திருப்பி, மறுபடி இறுக்கவேண்டும். ஆனால் இதைச் செய்யாமல் விட்டாலோ, கைபோன போக்கில் செய்தாலோ, பெருங்காசு கொடுத்து வாங்கிய பிளேட் சில வாரங்களில் கருகிவிடும். அல்லது கியர் விழாமல் கறகறக்கும். பெடலின் மேல்முனையில் 'ஃப்ரீ பிளே' எனப்படும் சிறு தளர்வு இருக்கவேண்டும். கீழ்முனைக்கு வருமுன் கிளச் முழுமையாக விலகவேண்டும். இரண்டும் ஒருசேர அமைந்தால்தான் பெடல் சரி.

கிளச் செய்யும் வேலை

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம் ஃப்ளைவீல். கியர்பொக்ஸின் தண்டில் கோத்திருப்பது கிளச் பிளேட். இந்தப் பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து அமுக்கிப் பிடிப்பது பிரஷர் பிளேட். அதற்கு அமுக்கும் விசையைத் தருவது டயஃபிரம் ஸ்பிரிங். பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் முன்னே நகர்ந்து ஸ்பிரிங்கின் நடுவிலுள்ள விரல்களைத் தள்ளுகிறது; அமுக்கம் விலகுகிறது; எஞ்சின் தனியாகவும் கியர்பொக்ஸ் தனியாகவும் சுழல்கின்றன. காலை எடுத்ததும் பிடி திரும்புகிறது.

முன்னால் எஞ்சின், அதன் பின்னால் கிளச், அடுத்து கியர்பொக்ஸ், கடைசியில் பின்சக்கரங்கள் என்ற வரிசையை 1891இல் காருக்குக் கொண்டுவந்தது பாரிஸின் பன்ஹார் லெவாசர் நிறுவனம். பின்னர் பல பத்தாண்டுகளுக்குக் கார்கள் இந்த வரிசையிலேயே வந்தன. பாரிஸை அடுத்த, பொபினியைத் தலைமையிடமாகக் கொண்ட செய்ன் சன் துனி மாவட்டத்துக்கும் கிளச்சோடு பழைய உறவு உண்டு. இன்று இதே மாவட்டத்தில் உள்ள சன் துவான் நகரில் 1923இல் தொடங்கிய பிரெஞ்சு ஃபெரோடோ நிறுவனம் முதலில் பிரேக், கிளச் உராய்வுப் பொருள்களைச் செய்தது. 1932 முதல் கிளச்சையே செய்யத் தொடங்கியது. 1980இல் வலெயோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. சென்னையின் அமால்கமேஷன்ஸ் குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து இந்தியாவிலும் அதே நிறுவனத்தின் கிளச்சுகள் தயாராகின்றன.

கூடுதல் வலு எங்கிருந்து வருகிறது

ஒரு கிளச் வழுக்காமல் தாங்கக்கூடிய முறுக்குவிசையை நான்கு காரணிகள் தீர்மானிக்கின்றன: உராய்வுக் கெழு, அமுக்கும் விசை, உராயும் வளையத்தின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. நான்கையும் பெருக்கினால் விடை கிடைக்கும். உராய்வுக் கெழு 0.3, அமுக்கும் விசை 5000 நியூட்டன், ஆரம் 0.09 மீட்டர், முகங்கள் 2 என்று கொண்டால் 270 நியூட்டன் மீட்டர் வரும். அதே அளவுப் பிளேட்டில் ஸ்பிரிங்கை மட்டும் 30 சதவீதம் இறுக்கமாக்கினால் 351 ஆகும். ஸ்பிரிங்கை விட்டுவிட்டு, உராய்வுக் கெழு 0.4 உள்ள பொருளைப் பயன்படுத்தினால் 360 ஆகும். முதற் கணக்கிலேயே ஒரு பிளேட்டுக்குப் பதில் இரண்டு வைத்தால் முகங்கள் நான்காகி 540ஐத் தொடும்.

எந்த வழியில் வலு கூட்டப்பட்டது என்பதைப் பொறுத்துப் பெடலின் குணமும் மாறும். ஸ்பிரிங்கை இறுக்கியிருந்தால் மிதிக்கும் விசையும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடும். உலோகப் பீங்கான் போன்ற பொருள்களால் வலு கூட்டியிருந்தால் பெடல் பழைய மாதிரியே மென்மையாக இருக்கலாம். ஆனால் பிடிக்கும்போது வண்டி வெட்டென்று பாயும். பெட்டியில் அச்சிடும் 'ஸ்டேஜ் 1', 'ஸ்டேஜ் 2' என்ற பெயர்களுக்குப் பொதுவான தரவரையறை கிடையாது. ஒரு நிறுவனத்தின் இரண்டாம் நிலை இன்னொன்றின் மூன்றாம் நிலையாக இருக்கலாம். அதனால் பெயரைப் பார்க்காமல், தாங்கும் முறுக்குவிசை எவ்வளவு, பேரிங் எவ்வளவு நகரவேண்டும் என்ற இரண்டு எண்களைத்தான் கேட்டு வாங்கவேண்டும்.

சரிசெய்வதால் இறுக்கமான பெடல் இலகுவாகாது. தண்டைத் திருப்பினால் கிளச் பிடிக்கும் இடம் மேலோ கீழோ போகுமே தவிர, மிதிக்கும் விசை குறையாது. 'பெடல் கல்லாக இருக்கிறது' என்று நட்டில் கைவைப்பவர்கள் இல்லாத குறையைத் தேடி, இருந்த அளவையும் கெடுத்துவிடுகிறார்கள்.

காலின் அசைவு குறையும் கணக்கு

கால் நகரும் தூரம் பெடலிலிருந்து பிளேட்டுக்குப் போகும் வழியில் படிப்படியாகக் குறைகிறது. எண்ணெயால் இயங்கும் கிளச்சிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு: பெடல் 140 மி.மீ கீழே போகிறது; பெடலின் நெம்புகோல் விகிதம் 6. ஆகவே மாஸ்டர் சிலிண்டரின் தண்டு 23 மி.மீக்குச் சற்று மேல் நகரும். மாஸ்டரின் விட்டம் 16 மி.மீ, கியர்பொக்ஸ் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரின் விட்டம் 19 மி.மீ என்றால், ஸ்லேவ் 16.5 மி.மீ நகரும். பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கின் விகிதம் 1.6 என்றால் ரிலீஸ் பேரிங்குக்குக் கிடைப்பது சுமார் 10 மி.மீ. டயஃபிரமின் விரல்கள் அதையும் நான்கில் ஒன்றாக்குவதால் பிரஷர் பிளேட் விலகுவது 2.5 மி.மீ மட்டுமே.

தூரம் குறையக் குறைய விசை பெருகுகிறது. ஆயிரக்கணக்கான நியூட்டன் விசையை ஒரு கால் வெல்வது அதனால்தான். ஆனால் தவறும் இதே கணக்கில் ஓடுகிறது. பெடலில் 5 மி.மீ வீணானால் பேரிங்கில் கிட்டத்தட்ட 0.4 மி.மீயும், பிளேட்டில் 0.1 மி.மீயும் குறையும். இரண்டு பிளேட் கொண்ட கிளச்சில் நான்கு முகங்களும் தனித்தனியே விலகவேண்டும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் இடைவெளி இன்னும் சிறியது. பழைய கிளச்சில் கண்ணுக்குப் படாத தளர்வு, புதியதில் கியர் விழாத குறையாக வெளிப்படுவது இதனால்தான்.

கேபிளா, எண்ணெயா

எந்த அமைப்பு என்று முதலில் பார்க்கவேண்டும். பெஜோ 205, மாருதி 800 போன்றவற்றில் கிளச்சைக் கேபிள் இழுக்கிறது. கேபிளின் ஒரு முனையிலுள்ள நட்டைத் திருப்பினால் ஃப்ரீ பிளே கூடும், குறையும். ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் கேபிள் நீள்வதோடு, பெடல் பூட்டியிருக்கும் தகடும் சற்று வளையும். மிதிக்கும்போது இன்னொருவர் எஞ்சின் பக்கம் நின்று பார்த்தால் அந்தத் தகடு அசைவது தெரியும். அப்படி அசைந்தால் நட்டை எவ்வளவு திருப்பியும் பயனில்லை, தகட்டை வலுப்படுத்தவேண்டும்.

எண்ணெயால் இயங்கும் அமைப்பில், சரிசெய்ய இடமிருந்தால், அது மாஸ்டர் சிலிண்டருக்குப் போகும் தண்டில் இருக்கும். ஹொண்டா சிவிக்கின் பல தலைமுறைகள் இந்த வகை. வேறு பல கார்களில் தண்டின் நீளம் நிரந்தரம். திருப்ப எதுவும் இல்லை. கேபிளையே பல்சக்கரம் தானாக இழுத்துக்கொள்ளும் கார்களும் உண்டு. தண்டின் நீளம் நிரந்தரமான எண்ணெய் அமைப்பில் கிளச் பிடிக்கும் இடம் தவறியிருந்தால் காரணம் பெரும்பாலும் குழாயில் காற்று, தேய்ந்த சிலிண்டர், பொருந்தாத பேரிங் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும்.

பிளேட் தேய்ந்துவரும்போதும் இரு அமைப்புகளும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. தேய்மானத்தால் டயஃபிரமின் விரல்கள் பேரிங்கை நோக்கிப் பின்வாங்கும். கேபிள் உள்ள காரில் அதனால் ஃப்ரீ பிளே குறைந்துகொண்டே வரும். எண்ணெய் அமைப்பில் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் அதற்கேற்பப் பின்னே போய்விடும். பெடலில் மாற்றம் தெரியாது.

நட்டில் கைவைக்குமுன்

எண்ணெய் அமைப்பில் காற்று முழுதாக வெளியேறியிருக்கவேண்டும். முதல் மிதியில் கிளச் விலகாமல், இரண்டு மூன்று தடவை மிதித்ததும் விலகினால் உள்ளே காற்று இருக்கிறது. அந்த நிலையில் தண்டை நீட்டிச் சரிக்கட்டுவது தவறு. கார் தயாரிப்பாளர் சொன்ன பிரேக் எண்ணெயையே ஊற்றவேண்டும். அது சிந்தினால் பெயின்ட் உரிந்துவிடும். பெடலுக்கடியில் கிடக்கும் தடித்த கால்விரிப்பை அப்புறப்படுத்தவேண்டும். 10 மி.மீ தடிப்புள்ள விரிப்பு 10 மி.மீ பயணத்தைத் தின்றுவிடும்.

பழைய கார்களின் கிளச் தூசியில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். பிரான்சில் அதன் பயன்பாடு 1997 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது. அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்கவேண்டும்.

மேல்முனை

முதலில் பெடலின் உயரம், பிறகு ஃப்ரீ பிளே என்பதே வரிசை. பல கார்களில் பெடல் மேலே வந்து முட்டும் இடம் ஒரு சுவிட்ச் அல்லது போல்ட். அதைச் சரியான உயரத்தில் நிறுத்திய பிறகே தண்டைத் தொடவேண்டும். பெடலை முழுதாக மிதித்தால் மட்டும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவிடும் சுவிட்ச் கீழ்ப்பக்கம் இருந்தால் அதையும் கவனிக்கவேண்டும். அது தொடாவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

ஃப்ரீ பிளேயை அளக்க ஓர் அடிமட்டத்தைத் தரையிலிருந்து பெடலின் முகம்வரை நிறுத்தி, பெடலைக் கையால் மெதுவாக அமுக்கவேண்டும். முதலில் லேசாகப் போகும். பிறகு தண்டு பிஸ்டனைத் தொட்டு, எதிர்ப்பு கையில் தெரியும். இந்த இடைப்பட்ட தூரமே ஃப்ரீ பிளே. பல கார்களில் இது 5 முதல் 15 மி.மீ வரை இருக்கும். அந்தந்தக் காரின் கையேடு சொல்வதே முடிவு.

தண்டின் புரி 1.25 மி.மீ என்றால், ஒரு முழுச் சுற்று பெடலில் 7.5 மி.மீ மாற்றம் தரும். எனவே லொக் நட்டைத் தளர்த்தியபின் கால் சுற்று, அரைச் சுற்று என்றுதான் திருப்பவேண்டும். தண்டை நீட்டினால் தளர்வு குறைந்து கிளச் பிடிக்கும் இடம் மேலே வரும். குறுக்கினால் கீழே போகும். ஒவ்வொரு தடவையும் அளந்து பார்த்து, முடிந்ததும் லொக் நட்டை இறுக்கி, இன்னொரு தடவை அளக்கவேண்டும். இறுக்கும்போது தண்டும் சேர்ந்து சுழன்றுவிடுவது வழக்கம்.

தளர்வே இல்லாமல் நீட்டிவிடுவதுதான் இந்த வேலையில் பெருந்தவறு. பெடல் மேலே இருக்கும்போது மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதாகத் திரும்பினால்தான் எண்ணெய்த் தொட்டிக்குப் போகும் சிறு துளை திறக்கும். துளை மூடியே இருந்தால், எஞ்சின் சூட்டில் எண்ணெய் விரிந்து அழுத்தமாகி, யாரும் மிதிக்காமலே கிளச்சைச் சற்று விலக்கிப் பிடிக்கும். பாரிஸின் லாச்சப்பல் தெருக்களிலோ பெரிபெரிக் சுற்றுவீதியிலோ நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது இந்தக் குறை தலைகாட்டும். காலையில் நன்றாக ஓடிய வண்டி அரைமணி நேரத்தில் வழுக்கும். ஆறியபின் மறுபடி சரியாகும்.

கீழ்முனை

கிளச் முழுமையாக விலகாவிட்டால் கியர் கறகறக்கும். ரிவர்ஸில்தான் முதலில் கேட்கும். அளவுக்கு மீறி விலகினாலும் கேடுதான். டயஃபிரமின் விரல்கள் அதிகம் உள்ளே போனால் பிளேட்டின் நடுப்பகுதியில் இடிக்கும், ஸ்பிரிங் களைக்கும், ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் தன் எல்லையைக் கடந்து எண்ணெய் கசியும். அதற்காகவே பல வலுக்கூடிய கிளச்சுகளுக்குத் தரையில் ஒரு பெடல் ஸ்டொப் வைக்கச் சொல்கிறார்கள்.

அதை எங்கே வைப்பது என்பதை அறிய எளிய வழி உண்டு. சமதரையில் எஞ்சினை நிறுத்தி, முன்சக்கர இயக்கமுள்ள காரில் ஒரு முன்சக்கரத்தை மட்டும் உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைக்கவேண்டும். இரு முன்சக்கரங்களையும் உயர்த்தினால் டிஃபரன்ஷியலால் ஒன்று எதிர்ப்பக்கம் சுழன்று சோதனையை ஏமாற்றிவிடும். முதல் கியரைப் போட்டு, ஒருவர் பெடலை மெல்ல மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தைக் கையால் திருப்பிக்கொண்டிருப்பார். சக்கரம் சுதந்திரமாகச் சுழலத் தொடங்கும் இடத்தில் பெடலை நிறுத்தி உயரத்தை அளக்கவேண்டும். அந்த இடத்துக்குக் கீழே கிளச் தயாரிப்பாளர் சொன்ன அளவு மிச்சப் பயணம் விட்டு ஸ்டொப்பை இறுக்கவேண்டும். பேரிங் வெறும் கால் மில்லிமீட்டர் கூடுதலாகப் போனாலும் பொறுக்காத கிளச்சுகள் உண்டு.

சோதனையும் பழக்கமும்

வண்டியை வெளியே எடுக்குமுன் ஐட்லிங்கில் பெடலை முழுதாக மிதித்து, சில நொடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பார்க்கவேண்டும். சத்தமில்லாமல் விழுந்தால் கிளச் விலகுகிறது. எண்ணெய் சூடாகும்வரை ஓட்டிவிட்டு வந்து ஃப்ரீ பிளேயை மறுபடி அளக்கவேண்டும். புதுப் பிளேட் ஃப்ளைவீலோடு படிந்து பழகும்வரை முழு வலுவையும் அதன்மேல் ஏற்றக்கூடாது. பல தயாரிப்பாளர்கள் இதற்கு 500 முதல் 1000 கி.மீ வரை நகர ஓட்டம் கேட்கிறார்கள். அதுவரை உயர்ந்த கியரில் ஆக்ஸிலரேட்டரை அமுக்கி வழுக்குகிறதா என்று பார்ப்பது பிளேட்டைத் தானே எரிப்பதாகும். பழகி முடிந்ததும் கேபிள் உள்ள காரில் ஃப்ரீ பிளேயைக் கட்டாயம் திரும்பப் பார்க்கவேண்டும்.

எஞ்சினின் வலுவைக் கூட்டியதால்தான் கிளச் மாற்றப்பட்டது என்றால், பிரான்சில் அதற்குப் புதிய அரச அங்கீகாரம் வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவிக்கவேண்டும். அறிவிக்காமல் ஓட்டி விபத்து நேர்ந்தால் இழப்பீடு சிக்கலாகும். வீதியோரத்தில் காரைப் பிரித்து வேலைசெய்வதைப் பல நகரசபைகள் தடைசெய்திருக்கின்றன. பழைய எண்ணெயை வடிகாலில் ஊற்றாமல் கழிவு சேகரிப்பு நிலையத்தில் கொடுக்கவேண்டும்.

கையேடு சொல்லும் அளவுக்குள் பெடலைக் கொண்டுவர முடியவில்லையென்றால் குறை பெடலில் இல்லை. காற்றோ, தேய்ந்த சிலிண்டரோ, பொருந்தாத பாகமோ உள்ளே இருக்கிறது. தண்டை மேலும் திருப்பி அதை மறைக்காமல், தேவைப்பட்டால் கியர்பொக்ஸை மறுபடி இறக்கியாவது காரணத்தைத் தேடுவதே செலவு குறைந்த வழி.