பண்டைக் கிரேக்கரின் இல்லங்கள்

கிரேக்கக் கட்டடக் கலை என்றவுடன் பளிங்குத் தூண்கள் அணிவகுத்து நிற்கும் கோயில்களே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆனால் அத்தூண்கள் தெய்வங்களுக்கென எழுந்தவை. மக்கள் குடியிருந்த வீடுகளோ மிக எளியவை. கல் அடித்தளத்தின்மீது பச்சைச் செங்கல்லால் எழுப்பிய சுவர். மேலே ஓட்டுக் கூரை. வீடு புகுந்து திருடுவோனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லொன்றுக்குச் 'சுவரைத் தோண்டுபவன்' என்பது பொருள். நம் நாட்டில் கன்னம் வைத்த கள்வரைப் போன்றோர் அங்கும் இருந்தனர் போலும்!

இவ்வீடுகளைப் பற்றி நாம் நன்கு அறிவதற்கு ஒரு பேரழிவே காரணமாயிற்று. வட கிரேக்கத்து ஒலிந்தஸ் நகரை மாசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப் கி.மு. 348-இல் அழித்து, அதன் மக்களை அடிமைகளாக விற்றான். 1928 முதல் 1938 வரை அமெரிக்க அறிஞர் டேவிட் ராபின்சன் அங்கு பல கட்டங்களாக நடத்திய அகழாய்வில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் வெளிப்பட்டன. வரிசைக்கு ஐந்தாகப் பத்து வீடுகள் சேர்ந்தது ஒரு தொகுதி. ஒவ்வொரு மனையும் ஏறத்தாழ 17 மீட்டர் சதுரம். உள்ளே திறந்த முற்றம். அதன் வடபுறத்தில் தெற்கு நோக்கிய தாழ்வாரம். அதற்கும் பின்னே முக்கிய அறைகள். ஆடவர் விருந்துண்ணத் தனிக் கூடமும் உண்டு. குடும்பப் பெண்டிர்க்கு அவ்விருந்தில் இடமில்லை.

தாழ்வாரம் தெற்கு நோக்கியது ஏன்? குளிர்காலத்தில் தாழ்ந்து செல்லும் கதிரவன் அதனுள் ஒளி பாய்ச்சுவான். கோடையிலோ உச்சிக்கு ஏறிவிடுவதால் கூரையே நிழல் தரும். இக்கருத்தைச் சாக்ரட்டீஸ் கூறியதாக அவருடைய மாணவர் செனபோன் எழுதிவைத்துள்ளார்.

முற்றம் கிரேக்கர் மட்டுமே கண்டதன்று. அவர்களுக்கு வெகுகாலம் முன்பே மொகஞ்சதாரோ வீடுகளில் முற்றம் இருந்தது. எனினும் முற்றத்தின் நாற்புறமும் தூண்களை நிறுத்தி அழகு செய்யும் முறையைக் கிரேக்கர் வளர்த்தனர். டீலோஸ் தீவில் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு வீடுகளில் அதனைக் காணலாம். அம்முற்றங்களின் கீழ் மழைநீர்த் தொட்டிகளும் இருந்தன. ரோமானியர் இம்முறையைத் தம் இல்லங்களில் ஏற்றனர். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேயி நகரம் இதற்குச் சான்று.

பிற்காலத்தில் நிகழ்ந்ததோ விந்தையானது. ஸ்டூவர்ட், ரெவெட் என்ற இரு ஆங்கிலேயர் ஏதென்ஸ் நகரத்துப் பண்டைக் கட்டடங்களை அளந்து வரைந்து, 1762-இல் முதல் தொகுதியை வெளியிட்டனர். அதன் பின்னர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் செல்வர் மாளிகைகளின் முகப்பில் கோயில் தூண்கள் எழுந்தன. அந்நாகரிகம் கல்கத்தாவையும் எட்டிற்று. கிரேக்க வீடு என்று உலகம் போற்றியது, கிரேக்கர் குடியிராத கோயிலின் சாயலையே!

தூண்கள் செல்வர்க்கு உரியவை. திசையறிவோ எல்லோர்க்கும் பொது. தில்லியில் மார்கழி நடுப்பகலில் சூரியன் ஏறத்தாழ 38 பாகை உயரத்திலும், ஆனியில் 85 பாகை உயரத்திலும் நிற்கிறான். வடநாட்டில் வாடகை வீடு தேடும் நேயர்கள் தெற்கு வெயில் உள்ளே வருமா என்று கேட்டறிதல் நலம். ஒலிந்தஸ் நகரத்து எளிய குடும்பத்தவரும் அவ்வெயிலை எண்ணியே வீடு கட்டினர்.