தொட்டிக்குள் ஒரு விருட்சம் – 9: பனியறியாத ஊருக்கு வரும் மரங்கள்

வேர் கத்தரிக்கும் முறையைச் சென்ற வாரத்தோடு முடித்துக்கொண்டோம். மெல்பர்னிலும் லண்டனிலும் பல வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு, ஓய்வுக் காலத்தைப் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ சொந்த ஜனங்களோடு கழிக்கலாமென்று திரும்புகிறவர்கள், அங்கே தாம் வளர்த்த போன்சாய் மரங்களையும் கூடவே கொண்டுவரலாமா என்று கேட்கும் கேள்வியை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம்.

கொண்டுவருவதிலுள்ள சிரமத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவுக்குள் செடி நுழைய இறக்குமதி அனுமதியும், புறப்படும் தேசத்து அதிகாரிகள் தரும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். வேரில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. இளஞ்செடிக்கு இது பெரிய காரியமன்று. ஆனால் ஐம்பது வருஷத்துப் பைன் மரத்தின் வேரை மண்போகக் கழுவும்போது, அவ்வேரோடு கூடி வாழ்ந்து அதற்கு ஆகாரம் தேடித் தந்த பூஞ்சையில் பெரும்பகுதியும் அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது.

ஆயினும் பிரயாணமே மரத்துக்கு யமன் என்று எண்ணுவதற்கில்லை. அமெரிக்க சுதந்திரத்தின் இருநூறாவது ஆண்டை முன்னிட்டு ஜப்பான் அளித்த 53 போன்சாய் மரங்கள், 1975-ல் அங்கே போய்ச் சேர்ந்து, ஒரு வருஷம் நோய்த்தடுப்புக் காவலில் இருந்து, 1976-ல் வாஷிங்டன் தேசிய மரப்பூங்காவில் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று, 1625 முதல் பேணப்பட்டு வருவதாகக் குறிக்கப்பட்டுள்ள வெள்ளைப் பைன்; ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்துக்குச் சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில், யமாகி குடும்பத்தார் தோட்டத்தில், மதிற்சுவரின் மறைவில் நின்று பிழைத்த மரம். 2001-ல் அக்குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் தேடிவந்து சொல்லும்வரை வாஷிங்டன்காரர்களுக்கே அந்த வரலாறு தெரியாது. அணுகுண்டுக்குத் தப்பிப் பாதி உலகத்தைக் கடந்த அம்மரம், புதிய தேசத்திலும் நிலைத்ததற்குப் பராமரித்தவர்களின் கைத்திறன் ஒரு காரணம். வாஷிங்டனிலும் பனிக்காலம் உண்டு என்பது அதைவிடப் பெரிய காரணம். தூரத்தை மரம் பொறுத்துக்கொள்ளும். பருவம் தவறுவதைப் பொறுக்காது.

கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு 3 பாகை வடக்கே இருப்பதால், வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே உள்ள வித்தியாசம் இருபது நிமிஷத்துக்குச் சற்று மேல். டோக்கியோவில் அதுவே ஏறக்குறைய 5 மணி நேரம். பகல் சுருங்குவதையும் குளிர் ஏறுவதையும் உணர்ந்துதான், மேப்பிள் மரம் இலையிலுள்ள சத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு, இலையை உதிர்த்து நித்திரைக்குப் போகிறது; பல வாரக் குளிரைக் கழித்த பின்னரே அதன் மொட்டுக்கு விழிக்கும் தகுதி வருகிறது. இரவிலும் 23 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத நம் ஊரில், அது முதல் வருஷம் பழைய சேமிப்பைச் செலவழித்துத் துளிர்க்கும், உடையவர் பூரித்துப்போவார். அடுத்தடுத்த வருஷங்களில் துளிர் சிறுத்து, நுனி காய்ந்து, கிளை கிளையாகப் பின்வாங்கும். லார்ச், வெள்ளைப் பைன் ஆகியவற்றின் கதியும் இதுவே. கருப்புப் பைன் ஓரளவு தாக்குப்பிடிக்கும். சீன ஜூனிப்பர் நன்றாகவே சமாளிக்கும். மரத்தைச் சில வாரம் குளிர்ப்பெட்டியில் வைத்துப் போலிப் பனிக்காலம் உண்டாக்குகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் மேப்பிள் உறங்கும் அந்த வைபவத்தில் எனக்கு ருசியில்லை. கேமரன் மலைக்குக் கொண்டுபோகலாமே என்பார்கள். அங்கே ஆண்டு முழுவதும் குளிர்ச்சி உண்டு, பனிக்காலம் கிடையாது.

நம் சீதோஷ்ணத்துக்கென்றே பிறந்த மரங்களோ ஏராளம். ஆலும் இச்சியும் இங்கத்திய ஈரக்காற்றில் தாமாகவே விழுதுவிடுகின்றன; குளிர்தேசத்தார் அதற்காகக் கண்ணாடிக் கூண்டு கட்டிப் பிரயாசைப்பட வேண்டியிருக்கிறது. பைன் மரத்தின் சாயலை விரும்புகிறவர்களுக்கு மோரிப் கடற்கரையில் நிற்கும் சவுக்கு இருக்கிறது. நம் வெப்பாலைக்கு உறவான ரைட்டியா ரிலிஜியோசா, மணமுள்ள சிறு வெள்ளைப் பூக்களைத் தொங்கவிட்டுக்கொண்டு இங்குள்ள சீனர் வீடுகளில் நெடுங்காலமாகத் தொட்டியில் வளர்ந்து வருகிறது. கடலோரப் பாறையில் உப்புக்காற்றைக் குடித்து வைரம்பாயும் மெந்திகியின் கம்பீரத்துக்கு எந்த ஜப்பானிய மரமும் ஈடாகாது என்பது என் அபிப்பிராயம். கிள்ளான் பள்ளத்தாக்கில் செடி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சுங்கை பூலோவுக்குத்தான் போகிறார்கள். தொழுநோயாளருக்காக 1930-ல் திறக்கப்பட்ட குடியிருப்பு அது. ஊரார் ஒதுக்கிவைத்த அந்த மனிதர்கள் ஜீவனத்துக்காக வளர்த்து விற்கத் தொடங்கிய நாற்றுப்பண்ணைகளே இன்று நம் வீட்டுவாசல்களைப் பசுமையாக்குகின்றன.

இங்கே புதிதாகப் பழக வேண்டியவை சிலவே. குளிர்தேசத்தில் பல மாதம் விட்டுவைக்கும் கம்பி, நித்தமும் வளரும் நம் மரத்தில் சில வாரங்களிலேயே பட்டையைக் கடித்துவிடும். தட்டையான தொட்டி மேற்கு வெயிலில் கொதித்து வேரை வேகவைக்குமாதலால், அடுக்குமாடி மாடத்தில் வளர்ப்பவர்கள் சற்று ஆழமான தொட்டியைக் கொள்வது நலம். மாலைப் பெருமழை உடனே வடிந்துபோகும்படி பருமணலைத் தாராளமாகச் சேர்க்க வேண்டும். தொட்டியின் கீழ்த்தட்டில் தண்ணீர் தேங்கவே கூடாது. அதில் டெங்கிக் கொசு முட்டையிடும், சுகாதார அதிகாரி கண்டால் 1975-ஆம் வருஷத்துச் சட்டப்படி அபராதமும் விதிப்பார்.

ஆகவே திரும்பி வரும் அன்பர்களே, உங்கள் மேப்பிளை அங்கேயே, பனியில் அதைப் பார்த்துக்கொள்ளக்கூடிய ஒரு நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு வாருங்கள். கத்தரியையும், மண் போகக் கழுவித் துடைத்த தொட்டிகளையும் மட்டும் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அத்தொட்டிகளில் முதலில் வைக்க வேண்டிய இச்சிக்குக் கம்பி கட்டும் விதத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.