கண்ணீர் நரம்பின் எலும்பு வழி

வெங்காயம் நறுக்குகையில் கண்ணீர் பெருகுவதை நாம் யாவரும் அறிவோம். கண்ணீர்ச் சுரப்பிக்கு அவ்வாணையைக் கொண்டு செல்லும் நரம்பு, மண்டையோட்டின் அடித்தளத்தில் ஒரு குறுகிய எலும்புக் குழாயினூடே செல்கிறது என்பதை அறிந்தோர் சிலரே. அதற்கு விடியன் குழாய் என்று பெயர். பிளாரன்ஸில் பிறந்து 1569-இல் மறைந்த விடஸ் விடியஸ் என்னும் மருத்துவரின் நினைவாக வழங்கும் பெயர் அது. குழாயின் நீளம் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டரே. எனினும் அறுவை மருத்துவர்க்கு அது சிறந்ததொரு வழிகாட்டி.

எவ்வாறெனக் காண்போம். மூளையின் அடியில் தோன்றும் கட்டிகள் சிலவற்றை இக்காலத்தில் மண்டையைத் திறவாமல், மூக்கின் வழியே எண்டாஸ்கோப்பைச் செலுத்தி அகற்றுகின்றனர். அவ்வழியில் பேரிடர் ஒன்று மறைந்திருக்கிறது. மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் உட்கழுத்துத் தமனி அங்கே எலும்பினுள் வளைந்து செல்கிறது. அது கிழியுமாயின் பக்கவாதமோ மரணமோ நேரலாம். விடியன் குழாயின் பின்முனை அத்தமனியின் அருகே முடிவதால், குழாயின் அடிப்புறத்தை ஒட்டி எலும்பைக் குடைந்து செல்லும் மருத்துவர், தமனி நெருங்குவதை முன்னரே உணர்கிறார்.

ஆயின் அவ்வழிகாட்டி எல்லோரிடத்தும் ஒரே வகையாய் அமைவதில்லை. சிலருக்குக் குழாய் ஸ்பீனாய்டு எலும்பினுள் முற்றும் புதைந்திருக்கும். சிலருக்குப் பாதி வெளித்தோன்றும். வேறு சிலருக்கோ எலும்பின் காற்றறைக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருக்கும். ஒருவரின் வலப்புறமும் இடப்புறமுமே வேறுபடுவதுண்டு. ஆகவே பாடநூற் படம் மட்டும் போதாது. அந்நோயாளியின் படமே வேண்டும்.

1895-இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ்-ரே, எலும்புகளின் நிழல்களை ஒன்றன்மேல் ஒன்றாய்க் காட்டியது. ஹவுன்ஸ்பீல்டு அமைத்த ஸி.டி. கருவியோ 1971-இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையை அடுக்கடுக்காய்க் காட்டிற்று. அதன் பொருட்டு அவரும் கார்மக்கும் 1979-இல் நோபல் பரிசு பெற்றனர். இன்று அவ்வடுக்குகள் ஒரு மில்லிமீட்டரினும் மெல்லியவை. குறுக்குப் படத்தில் எலும்பு வெண்மையாகவும், அதனுள் விடியன் குழாய் சிறு கரும்புள்ளியாகவும் தோன்றும். அதற்குச் சற்று மேலே, வெளிப்புறமாக, கன்னத்து உணர்ச்சி நரம்பு செல்லும் துளை தெரியும். கட்டியின் பரப்பை எம்.ஆர்.ஐ. தெளிவாக்கும்.

சிலவேளை அந்நரம்பைத் துண்டிக்க நேர்ந்தால் அப்பக்கத்துக் கண் வறண்டுபோகலாம். இதனை முன்னரே மருத்துவரிடம் கேட்டறிதல் நலம்.

பணியின் பொருட்டு ஊர் விட்டு ஊர் மாறும் நம் குடும்பத்தார்க்கு ஒரு வேண்டுகோள். ஸ்கேன் அறிக்கைத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடாதீர்கள். அடுக்குகள் அனைத்தும் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டுப் பெற்றுப் பேணுங்கள். புதிய ஊரின் மருத்துவர்க்கு அதுவே வழிப்படம். மீண்டும் எக்ஸ்-ரே கதிர்படும் தேவையையும் அது தவிர்க்கக்கூடும்.