எரிமலைச் சாலையில் நான்கு சக்கர பைக்

வரி, உரிமம், எடைக்கல் முத்திரை என்று படித்துப் படித்து அலுத்துப்போன உறுப்பினர்களுக்கு மாறுதலாக இருக்கட்டும் என்று ஆசிரியர் என்னை ஒரு பயணக் கட்டுரை எழுதச் சொன்னார். எனக்குத் தெரிந்தது பேரேட்டு எழுத்துதான். பள்ளியை விட்ட பிறகு நான் எழுதியதெல்லாம் பற்று, வரவு, பாக்கி. பிழையிருந்தால் வணிகப் பெருமக்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகள் குடும்பத்தோடு ஜெர்மனியில் இருக்கிறாள். 2023 டிசம்பரில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். அந்த மாதத்தில் அங்கே சாயங்காலம் நாலு, நாலரைக்கே இருட்டிவிடுகிறது. வெயிலைத் தேடி ஜெர்மானியர்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் போகும் இடங்களில் ஒன்று டெனரீஃப் தீவு. ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த கேனரித் தீவுகளில் பெரியது. ஆனால் வரைபடத்தில் பார்த்தால் ஸ்பெயினைவிட ஆப்பிரிக்காவின் மொராக்கோ கரைதான் அதற்குப் பக்கம். மாப்பிள்ளை எங்களையெல்லாம் அங்கே அழைத்துப் போனார். விமானத்தில் ஐந்து மணி நேரம்.

தீவின் நடுவே டெய்டே எரிமலை நிற்கிறது. 3,715 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். எரிமலை என்றால் எந்நேரமும் நெருப்பைக் கக்கிக்கொண்டிருக்கும் என்று நினைக்க வேண்டாம். இந்தத் தீவில் கடைசியாக வெடித்தது 1909-ல், டெய்டேக்கு வடமேற்கே சின்யெரோ என்னும் இடத்தில். பத்து நாளில் அடங்கிவிட்டது. அணைந்தே போய்விட்டது என்று மட்டும் அங்கே யாரும் சொல்லவில்லை.

கடற்கரையிலிருந்து நான்கு சக்கர பைக்கில் அந்த மலைக்கு ஏறி, சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இறங்கி வர ஒரு சுற்றுலா நடத்துகிறார்கள். ‘குவாட் பைக்’ என்பது அந்த வண்டியின் பெயர். மோட்டார் சைக்கிள் போலக் கைப்பிடி, பருத்த நான்கு டயர், இருவர் உட்கார நீள இருக்கை. இருவருக்கும் சேர்த்து ஒரு வண்டிக்கு 150 யூரோவுக்கு மேல். நம் பணத்தில் பதினான்காயிரம் ரூபாயைத் தொட்டது. மாப்பிள்ளை குழந்தைகளோடு விடுதியில் இருந்துகொள்வதாகச் சொன்னார். மகளும் நானும் போவதென்று முடிவாயிற்று.

வண்டியை நான்தான் ஓட்டுவேன் என்றேன். எனக்கு வயது 66. கண்புரை அறுவை செய்துகொண்ட நாளிலிருந்து ஊரில் என் மகன் என்னை ஸ்கூட்டரைத் தொட விடுவதில்லை. கடைக்கும் வீட்டுக்கும் ஒரு பையனை வைத்துக் கொண்டுபோய் விடுகிறான். மருத்துவர் ஓட்டலாம் என்று சொல்லியும் இந்த ஏற்பாடு. கிளம்பும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி வைத்திருந்தேன். அதை இங்கே பயன்படுத்தாவிட்டால் வேறு எங்கே பயன்படுத்துவது?

இன்னொரு சங்கதியும் உண்டு. அன்று காலையில் மகனிடமிருந்து போன் வந்தது. “அப்பா, துவரம்பருப்பு ஒரு லோடு எடுத்துட்டேன். விலை ஏறும்னு தோணுது” என்றான். வாங்கிவிட்டுச் சொல்கிறான். புதுத் துவரை மண்டிக்கு வரத் தொடங்கும் நேரத்தில் யாராவது பழைய சரக்கை லோடு கணக்கில் எடுப்பார்களா? 41 வருட வியாபாரத்தில் என்னைக் கேட்காமல் ஒரு மூட்டை கிடங்குக்குள் வந்ததில்லை. பதில் பேசாமல் போனை வைத்துவிட்டேன். அந்தக் கோபத்தோடுதான் ஹெல்மெட்டை மாட்டினேன்.

சுற்றுலா அலுவலகத்தில் ஒழுங்கு நன்றாக இருந்தது. ஓட்டுநர் உரிமத்தைச் சரிபார்த்தார்கள். வண்டி சேதமானால் பிடித்துக்கொள்ள முன்பணம் வாங்கினார்கள். ஓட்டப்போகிறவர் யார் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். வழியில் மாற்றி ஓட்டுவதாக இருந்தால் இரண்டு பேர் பெயரும் வேண்டும் என்றார்கள். மகள் தன் உரிமத்தையும் எடுத்து நீட்டினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

எட்டு வண்டிகள். வழிகாட்டி முப்பது வயது இளைஞர். எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, என்னைத் தனக்கு அடுத்த வண்டியாக வரச் சொன்னார். வயதுக்கு மரியாதை தருகிறார் என்று மகிழ்ந்தேன். மகள் சிரித்துக்கொண்டே விளக்கினாள்: “மெதுவா வர்றவங்களை முன்னால வைப்பாங்கப்பா. அப்பத்தான் அவங்க வேகத்துக்கு மத்தவங்க வருவாங்க. பின்னால விட்டா தொலைஞ்சு போயிடுவாங்க.”

முற்றத்திலேயே கால் மணி நேரம் பழக்கினார்கள். கியர் கிடையாது. வலது கைப்பிடியில் ஒரு சின்ன நெம்புகோல், அதைக் கட்டை விரலால் அழுத்தினால் வண்டி ஓடும். இரு சக்கர வண்டி ஓட்டிப் பழகியவர்கள்தான் இதில் தடுமாறுவார்களாம். வண்டி ஆடினால் நாம் காலை ஊன்றப் பார்ப்போம். இதில் ஊன்றினால் பின் சக்கரம் நம் காலின் மேலேயே ஏறிவிடும். ஸ்கூட்டர் வளைவில் தானாகச் சாயும். இது சாயாது. நாம்தான் உடம்பை வளைவின் உட்பக்கம் சாய்த்து, கைப்பிடியைப் பலமாகத் திருப்ப வேண்டும். முற்றத்திலேயே இரண்டு தடவை என் இடது கால் தரைக்கு இறங்கிவிட்டது. இரண்டு தடவையும் வழிகாட்டி விசில் ஊதினார்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். மலைமேல் மண்ணைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்து போவோம் என்று நினைத்திருந்தேன். அதெல்லாம் இல்லை. முழுக்கத் தார்ச்சாலைதான். டெய்டே 1954 முதல் தேசியப் பூங்கா. 2007-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. சாலையை விட்டு ஒரு சக்கரம் இறங்கக் கூடாது, ஒரு கல்லைக்கூட எடுத்து வரக் கூடாது. சிகரத்துக்கு வண்டி போவதும் இல்லை. கேபிள் கார் 3,555 மீட்டர் வரை போகிறது. அதற்கு மேல் நடந்து ஏற முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். எங்கள் வண்டி போவது சுமார் 2,100 மீட்டர் வரைதான்.

கடற்கரையை ஒட்டி வாழைத் தோட்டங்கள், பல இடங்களில் மேலே வலை போர்த்தியிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் வறண்ட சரிவும் சப்பாத்திக்கள்ளியும். நம்மூரில் வேலிக்கு நிற்கும் அதே கள்ளிதான். 19-ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவுகளில் கள்ளியின் மேல் ஒருவகைப் பூச்சியை வளர்த்து, காயவைத்து, சிவப்புச் சாயத்துக்கு ஐரோப்பாவுக்கு ஏற்றியிருக்கிறார்கள். பெரிய பணம் புரண்ட வியாபாரம். ரசாயனச் சாயம் வந்ததும் படுத்துவிட்டது. அதற்கு முன்னே சர்க்கரை, பிறகு ஒயின், இப்போது வாழையும் சுற்றுலாவும். ஒரு சரக்கு போனால் இன்னொரு சரக்கு என்று ஐந்நூறு வருடமாகத் தீவே ஒரு மொத்தக் கடை போலத்தான் நடந்து வந்திருக்கிறது.

ஒரு மணி நேரத்தில் கட்டை விரல் மரத்துப்போயிற்று. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி நேராக ஓடவே பார்க்கிறது. தோளும் முதுகும் சேர்ந்து இழுத்தால்தான் திரும்புகிறது. பின்னால் உட்கார்ந்திருந்த மகள் வளைவுக்கு வளைவு “சாயுங்கப்பா, சாயுங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். 1,400 மீட்டரில் வில்லாஃப்ளோர் என்னும் சிற்றூரில் நிறுத்தி, கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிய காப்பி குடித்தோம். நம் நாக்குக்கு ஒத்த இனிப்பு.

அதற்கு மேல் பைன் மரக்காடு. இந்தத் தீவின் பைன் மரம் காட்டுத்தீயில் வெந்தாலும் தடித்த பட்டைக்கு உள்ளிருந்து மறுபடி துளிர்க்கும். அதன் நீண்ட ஊசி இலைகள் மேகத்தின் ஈரத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகக் கீழே விடும். மழை குறைந்த தீவில் நிலத்தடிக்குப் போகும் நீரில் ஒரு பங்கு இப்படி வருவதாம். காட்டைத் தாண்டியதும் மேகம் எங்களுக்குக் கீழே போய்விட்டது.

மேலே மரமே இல்லை. பழங்காலத்தில் இடிந்து அமிழ்ந்த எரிமலைப் பள்ளம் ஒன்று, சுமார் 16 கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து கிடக்கிறது. அதன் நடுவிலிருந்து டெய்டே எழுந்து நிற்கிறது. அடியில் மெலிந்து தலை பருத்த ஒரு பாறையின் எதிரே நிறுத்தினோம். ரோக்கே சிஞ்சாடோ என்று பெயர். யூரோ வருவதற்கு முன் ஸ்பெயின் நாட்டின் 1,000 பெசேட்டா நோட்டு ஒன்றில் இந்தப் பாறையின் படம் இருந்தது. மற்றவர்கள் மலையைப் படம் எடுத்தார்கள். நான் நோட்டில் இருந்த பாறையைத்தான் எடுத்தேன்.

அங்கிருந்து மேற்கே திரும்பினால் சாலையின் இருபுறமும் கன்னங்கரிய கல். தார் காய்ச்சி ஊற்றி, ஆறும் முன் ஏர் ஓட்டியது போல இருந்தது. 1798-ல் மூன்று மாதம் வழிந்த குழம்பு அது. இருநூறு வருடத்துக்கு மேலாகியும் புல் பூண்டு அதிகம் இல்லை. குழம்பு வந்த துளைகளுக்கு ‘டெய்டேயின் மூக்குத் துவாரங்கள்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னதாக எல்லா வண்டிகளையும் நிறுத்திச் சாவியை எடுக்கச் சொன்னார் வழிகாட்டி. சத்தம் அடங்கியது. கீழே மேகம், வெளுத்த பஞ்சை விரித்தது போலக் கடலை முழுவதும் மூடியிருந்தது. கொமேரா தீவின் முதுகு மட்டும் மேகத்துக்கு மேலே தெரிந்தது. வலப்பக்கம் தூரத்தில் லா பால்மா தீவு. 2021 செப்டம்பர் 19-ல் அங்கே எரிமலை வெடித்து 85 நாள் எரிந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளும் வாழைத் தோட்டங்களும் குழம்பின் அடியில் போயின. அந்த இரவுகளில் டெனரீஃபிலிருந்தே சிவப்பு தெரிந்தது என்று வழிகாட்டி கை நீட்டிக் காட்டினார். சூரியன் மேகத்தைத் தொட்டதும் கரிய கல்லெல்லாம் சற்று நேரம் செம்பு நிறமாகத் தெரிந்தது. பத்தே நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

முடிந்ததும் குளிர் இறங்கியது. கடற்கரையில் சட்டையோடு நின்றவர்கள் இங்கே பற்கள் கிட்டிப்போய் நின்றோம். அவர்கள் தந்த கனத்த மேலங்கி போதவில்லை. விரல்கள் மடங்கவில்லை. வண்டிகளின் விளக்குகளைப் போட்டார்கள். எதிரே வந்த ஒரு காரின் வெளிச்சத்தைப் பார்த்தபோது, விளக்கைச் சுற்றி எனக்கு ஒரு வட்டம் தெரிந்தது. ஊரில் ராத்திரி வண்டியில் போகும்போதும் தெரிவதுதான். மகனிடம் அதைச் சொன்னதில்லை. மகளிடமும் சொன்னதில்லை.

இருட்டில், வளைவுகளில், பின்னால் என் பெண்ணை உட்கார வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். அவளோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின் இருக்கையில் ஏறத் தயாராக நின்றாள். “இந்தாம்மா” என்று சாவியைக் கொடுத்தேன். “கை விறைச்சுப்போச்சாப்பா?” என்றாள். “கையும்தான்” என்றேன். வழிகாட்டி பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். எங்கள் வண்டியை அதே இரண்டாம் இடத்தில்தான் வைத்துக்கொண்டார்.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் ஸ்கூட்டரின் முன்பக்கம் நின்றுகொண்டு, கண்ணாடியைப் பிடித்தபடி பள்ளிக்கு வருவாள். இப்போது நான் பின்னால், அவள் முதுகுக்குப் பின் காற்றுக்கு ஒதுங்கி உட்கார்ந்து வந்தேன். நன்றாகவே ஓட்டினாள். என்னைவிடச் சீராக என்று சொல்லித்தான் ஆக வேண்டும். எட்டு மணிக்குக் கீழே வந்து சேர்ந்தோம். முன்பணத்தைப் பிடித்தமில்லாமல் திருப்பித் தந்தார்கள்.

மறுநாள் தீவின் வடகரையில் உள்ள கராச்சிக்கோ என்னும் ஊருக்குப் போனோம். வியாபாரிகள் பார்க்க வேண்டிய ஊர் அது. ஒரு காலத்தில் டெனரீஃபின் முதன்மைத் துறைமுகம். ஒயின் பீப்பாய்கள் அங்கிருந்துதான் கப்பல் ஏறின. 1706 மே 5 அன்று மலைமேல் எரிமலை திறந்து, குழம்பு ஊருக்குள் இறங்கி, துறைமுகத்தையே தூர்த்துவிட்டது. கப்பலும் வியாபாரமும் வேறு துறைகளுக்குப் போய்விட்டன. சரக்கு ஏற்றி இறக்கிய பழைய கல் வாசல் ஒன்று இன்றும் நிற்கிறது. இப்போது அது ஒரு பூங்காவுக்குள், தரை மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அந்த வாசலின் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். குழம்பு கடலில் இறங்கி உறைந்த இடத்தில் இயற்கையாக அமைந்த குளங்களில் ஊர்ப் பிள்ளைகள் நீந்திக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்தே மகனுக்குப் போன் செய்தேன். எந்த மண்டி, என்ன ரகம், ஈரம் எவ்வளவு என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் விடை வைத்திருந்தான். “சரி, மூட்டையை ஒரே அட்டியா அடுக்காதே” என்று மட்டும் சொன்னேன்.

மளிகைக்காரர்களுக்கு வேண்டிய சில செய்திகள். அங்கே விற்பனை வரியின் பொது விகிதம் 7 சதவீதம், ஸ்பெயினின் மற்றப் பகுதியில் 21. அடிப்படை உணவுப் பண்டங்களுக்கு வரி பூஜ்யம். 1852-லேயே இத்தீவுகளின் துறைமுகங்களுக்குத் தீர்வைச் சலுகை தந்துவிட்டார்கள். சிந்தி வியாபாரிகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கே கிளை திறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்றும் கடைவீதியில் அவர்கள் கடைகளைக் காணலாம். சைவ உணவுக்குத் தட்டில்லை. உப்பு நீரில் சுருங்க வேகவைத்த சிறு உருளைக்கிழங்கும், கொத்தமல்லியும் பூண்டும் அரைத்த துவையலும் எங்கும் கிடைக்கும். போகிறவர்கள் ஷெங்கன் விசாவும், வண்டி ஓட்ட நினைத்தால் சர்வதேச அனுமதியும், கட்டாயம் ஒரு கம்பளிக் கையுறையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தீவின் பழங்குடி மக்கள் தானியத்தை வறுத்து அரைத்துச் சாப்பிட்ட மாவு இன்றும் எல்லாக் கடையிலும் பொட்டலமாக விற்கிறது. கோஃபியோ என்று பெயர். இரண்டு கிலோ வாங்கி வந்து கடையில் வைத்தேன். கணக்கப்பிள்ளை வெல்லம் போட்டுப் பிசைந்து தின்று பார்த்துவிட்டு, “இது நம்ம சத்துமாவுல்ல, இதுக்கா அவ்வளவு தூரம் போனீக?” என்றார்.

அந்தத் துவரம்பருப்பு லோடு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பொங்கல் வாக்கில் விலை சற்று இறங்கியது. மகன் முகம் வாடியது. பாதியை அந்த விலைக்குத் தள்ளினான், பாதியை நிறுத்தி வைத்தான். வெயில் காலத்தில் விலை ஏறியபோது நின்ற பாதி, முன்னே போன நட்டத்தைக் கட்டி, மேலே கொஞ்சம் மிச்சமும் கொடுத்தது. நானாக இருந்தால் அந்த லோடை எடுத்திருக்கவே மாட்டேன்.