மாமாவின் அம்பாசடரும் 2.9 வோல்ட்டும்



பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையே காரைத் தள்ளுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். போன ஆவணி முகூர்த்தம், திருவாரூர் பக்கம் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் பூ அலங்காரத்தோடு நின்றது என் தாய்மாமாவின் 1972ஆம் வருட மார்க் 2 அம்பாசடர். மாமா செல்ஃப் போட்டார். "உர்ர்ர்... உர்ர்... உர்..." அவ்வளவுதான். கிழவர் மாடிப்படி ஏறுகிற மாதிரி ஒரு சுற்று, அப்புறம் ஒரு பெருமூச்சு. பெண் உள்ளே உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளையும் தோழர்களும் தள்ளித்தான் வண்டி கிளம்பியது.

அன்று ராத்திரி மாமா சாப்பிடவில்லை. "மருமகனே, போன மாசம் புது பேட்டரி போட்டேன். செல்ஃப் மோட்டாரை வேற கழட்டி காயில் கட்டியாச்சு. இனிமே யாரு நம்பி முகூர்த்தத்துக்குக் கூப்பிடுவான்? காயலான் கடைக்கே போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார். அந்த வண்டி வாடகையில்தான் அவர் மகள் நர்சிங் படிக்கிறாள். ஆட்டோமொபைல் டிப்ளமோ மூன்றாம் வருஷம் படிக்கிற நான் சும்மா இருக்க முடியுமா? காலையில் பார்க்கிறேன் மாமா என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, காலையில் நான் செய்த முதல் காரியமே தப்பு. டிஜிட்டல் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து பேட்டரி கேபிள், எர்த் ஒயர் எல்லாவற்றையும் அளந்தேன். எல்லாமே கிட்டத்தட்ட பூஜ்யம். "ஒயரிங் சுத்தம் மாமா, மோட்டார்தான் சரியில்லை" என்று தீர்ப்பு சொல்லி, மோட்டாரை மறுபடியும் கழற்ற வைத்தேன். புஷ், கார்பன் பிரஷ், ஆர்மெச்சூர் எல்லாம் நன்றாகவே இருந்தன. அரை நாள் போயிற்று, கையெல்லாம் கிரீஸ்.

திங்கட்கிழமை லேபில் எங்கள் சாரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கரண்ட் ஓடாதப்போ அளந்தா என்னடா தெரியும்?"

இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்காகத்தான். கணக்கைப் பாருங்கள். இந்த அளவு என்ஜினைச் சுற்ற, செல்ஃப் மோட்டார் சுமார் 100 முதல் 200 ஆம்பியர் இழுக்கும். ஒரு ஜாயிண்டில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலே போதும். ஓம் விதிப்படி 150 ஆம்பியரில் 3 வோல்ட் அங்கேயே காலி! ஆனால் நம் கையில் இருக்கும் சாதாரண மீட்டரின் புரோப் ஒயருக்கே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு. 0.02 ஓமை அது எப்படிக் காட்டும்? நூறு இழை பின்னிய எர்த் ஸ்ட்ராப்பில் பத்து இழை மிச்சம் இருந்தாலும் ஓம்மீட்டர் 'நல்லா இருக்கு' என்றுதான் சொல்லும். ஆகவே மோட்டார் சுற்றும்போதே, மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, எந்த இடத்தில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று பார்க்க வேண்டும். இதைத்தான் வோல்டேஜ் டிராப் டெஸ்ட் என்கிறோம். தியரி பரீட்சையில் நாம் எல்லோரும் எழுதியதுதான், ஹி... ஹி...

சனிக்கிழமை மறுபடி மாமா வீடு. முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் வரும் காயில் ஒயரைப் பிடுங்கி என்ஜின் பாடியில் எர்த் செய்தேன். நடுவில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது அல்லவா? (இதிலேயே ஒரு சோதனை அடங்கியிருக்கிறது. ஒயரைப் பிடுங்கியதும் என்ஜின் சுலபமாகச் சுற்றினால் பேட்டரியில் குற்றமில்லை. இக்னிஷன் டைமிங் அதிகமாக அட்வான்ஸ் ஆகி, பிஸ்டன் மேலே வருமுன்பே வெடித்து எதிர்த்து உதைக்கிறது என்று அர்த்தம். மாமா வண்டியில் அப்படி இல்லை.) கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக். பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஹேண்டில் போட்டுச் சுற்றினேன், லேசாகவே சுற்றியது. என்ஜினில் இறுக்கம் இல்லை.

மாமாவை செல்ஃப் போடச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் பத்து விநாடிக்கு மேல் போகாமல், நடுவில் மோட்டார் ஆற நேரம் விட்டு அளந்தேன். பேட்டரியின் இரண்டு ஈய முளைகளுக்கும் நடுவே 10.9 வோல்ட். (கிளாம்பில் வைக்காதீர்கள், முளையிலேயே வையுங்கள். முளைக்கும் கிளாம்புக்கும் நடுவில்தான் பாதி திருட்டு நடக்கும்.) சுற்றும்போது 9.6க்குக் கீழே போகாவிட்டால் பேட்டரி பாஸ். ஆனால் மோட்டார் டெர்மினலுக்கும் மோட்டார் பாடிக்கும் நடுவே வெறும் 7.7தான்! மீதி 3.2 வோல்ட் எங்கே? லைவ் பக்கம், பேட்டரி முளையிலிருந்து மோட்டார் டெர்மினல் வரை 0.3. அரை வோல்ட் வரை மன்னிக்கலாம், அதுவும் பாஸ். எர்த் பக்கம், பேட்டரியின் எர்த் முளையிலிருந்து மோட்டார் பாடி வரை 2.9. அகப்பட்டான் திருடன்! அந்தப் பக்கம் 0.2, 0.3க்கு மேல் இருக்கவே கூடாது.

அதையும் இரண்டாகப் பிரித்தேன். எர்த் முளையிலிருந்து கார் பாடி வரை 0.1. கார் பாடியிலிருந்து என்ஜின் வரை 2.8. என்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பர் வழியாகக் கரண்ட் போகாது. பாடிக்குத் திரும்பிவர அதற்கென்று உள்ள ஒரே பாதை பின்னல் ஸ்ட்ராப் ஒன்றுதான். வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தால், பாதி இழை அறுந்து பச்சை பூத்துக் கிடக்கிறது. அது போதாதென்று ஸ்ட்ராப்பின் காதுக்கும் பாடிக்கும் நடுவே பளபளவென்று வெள்ளை பெயிண்ட்!

"மாமா, பெயிண்ட் எப்போ அடிச்சீங்க?"

"சித்திரையில. அதுலேர்ந்துதான்டா இந்தத் தொல்லை. ஆமா, இன்னொண்ணு கேக்கணும்னு இருந்தேன். செல்ஃப் போட்டா சோக் ஒயர் சுடுதே, அது எதனால?"

இதை முதல் நாளே அவர் சொல்லியிருந்தால், அல்லது நான் கேட்டிருந்தால், மோட்டாரை இறக்கியே இருக்க வேண்டாம். ஸ்ட்ராப் வழி அடைபட்டால் கரண்ட் சும்மா இருக்காது. சோக் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று என்ஜினையும் பாடியையும் இணைக்கிற எந்த இரும்பு வழியாகவும் ஓடும். மெல்லிய கம்பியில் அவ்வளவு ஆம்பியர் போனால் சுடாமல் என்ன செய்யும்? புகைந்து உருகிய கேபிள்களும் உண்டு. இன்னொரு அடையாளம் ஹெட்லைட். செல்ஃப் போடும்போது லைட் ஒரேயடியாக மங்கினால் பேட்டரி பலவீனம், அல்லது மோட்டாரோ என்ஜினோ இறுகி அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கிறது. லைட் அவ்வளவாக மங்காமல் மோட்டார் மட்டும் முனகினால், மோட்டாரின் வழியில் எங்கோ தடை. மாமா வண்டியில் லைட் ஜம்மென்று எரிந்தது. யாரும் கவனிக்கவில்லை, நானும்தான்.

பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து இரும்பு தெரிய வைத்து, புது ஸ்ட்ராப் போட்டு, முடுக்கி, மேலே வாசலின் தடவினேன். செல்ஃப் போட்டதும் 'விர்ர்ர்' என்று ஒரே சுற்று! மோட்டாரில் இப்போது 9.6 வோல்ட், எர்த் பக்க இழப்பு 0.2, லைவ் பக்கம் 0.4. வேடிக்கை என்னவென்றால் பேட்டரி 10.9லிருந்து 10.2க்கு இறங்கியிருந்தது. முதலில் பயந்துபோனேன். யோசித்தால் நியாயம்தான். தடை போனதும் மோட்டார் தனக்கு வேண்டிய கரண்டை முழுசாக இழுக்கிறது, பேட்டரியும் உண்மையாக உழைக்கிறது. முன்பு தெரிந்த 10.9 சோம்பேறியின் 10.9.

ஒரு எச்சரிக்கை. மாமா வண்டி நெகட்டிவ் எர்த். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். மீட்டரை வைக்குமுன் எந்த முளை பாடிக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 6 வோல்ட் வண்டி கிடைத்தால் கேபிளின் தடிமனையும் பாருங்கள். அதே வேலைக்கு இரண்டு மடங்கு கரண்ட் வேண்டும், 12 வோல்ட் கேபிளை மாட்டினால் எந்த மோட்டாரும் முனகத்தான் செய்யும்.

அம்பாசடர் உற்பத்தி உத்தர்பாராவில் 2014லேயே நின்றுவிட்டது. ஆனால் மாமா வண்டிக்கு ஐப்பசியில் மூன்று முகூர்த்தம் புக் ஆகியிருக்கிறது. ஸ்ட்ராப்புக்கு ஆன செலவு இருநூற்றுச் சொச்சம். மாமா சந்தோஷமாக பில்லைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், திடீரென்று முகம் மாறிக் கேட்டார்:

"அப்போ அந்தப் பழைய பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சா? எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டேனே மருமகனே!"