தற்சமயம் என்ன வாசிக்கிறீர்கள்?

நம்மவர் இருவர் சந்தித்தால் முதலில் க்ஷேமலாபம் விசாரிப்பார்கள். பிறகு மழை, விளைவு, குழந்தைகளின் படிப்பு, விவாகம், உத்தியோகம், விலைவாசி ஆகிய சகல விஷயங்களும் சம்பாஷணையில் வந்து போகும். “தற்சமயம் என்ன புஸ்தகம் வாசித்து வருகிறீர்கள்?” என்ற கேள்வி மட்டும் அபூர்வமாகவே எழுகிறது. யாரேனும் அப்படிக் கேட்டுவிட்டாலோ, கேட்கப்பட்டவர் பரீக்ஷை மண்டபத்தில் அகப்பட்ட மாணவனைப் போல் விழிக்கிறார். ஒன்றும் வாசிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கம்; உண்மையில் வாசிப்பதைச் சொன்னால் ஏளனம் செய்வார்களோ என்ற அச்சம். ஆகவே என்றோ கல்லூரியில் பாடமாக வைத்திருந்த பெரிய நூலொன்றின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார். கேட்டவரும் தாம் அதைக் கரைத்துக் குடித்தவர்போல் தலையை அசைக்கிறார். இருவருடைய கௌரவமும் காப்பாற்றப்படுகிறது. புஸ்தகந்தான் யார் கைக்கும் போய்ச் சேருவதில்லை.

இந்தக் கேள்வியை ஒருவர் தயங்காமல் கேட்டதனாலும், மற்றொருவர் ஒளிக்காமல் விடை சொன்னதனாலும் நமது பாஷைக்கு விளைந்த லாபம் இன்னதென்பது நேயர்களிற் பலர் அறிந்த கதையே. ஆயினும் நாம் சொல்ல வந்த விஷயத்துக்கு அதைவிடப் பொருத்தமான சாட்சி வேறில்லையாதலின், அதையே மீண்டும் எடுத்துக்கொள்ளுகிறோம்.

1880-ம் வருஷம் அக்டோபர் மாதம் 21-ந் தேதி வியாழக்கிழமை. சேலம் இராமசுவாமி முதலியார் அரியலூரிலிருந்து மாற்றலாகிக் கும்பகோணத்தில் முன்சீபாக வந்து அமர்ந்திருந்தார். கும்பகோணம் கல்லூரியில் அவ்வருஷந்தான் தமிழ்ப் பண்டிதராகச் சேர்ந்திருந்த சாமிநாதையர், திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகரின் விருப்பப்படி அவரைக் காணச் சென்றார். ஐயருக்கு அப்பொழுது வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் என்ற ஒரு சொல்லே சோழநாட்டில் பல கதவுகளைத் திறந்துவிடக்கூடிய காலம் அது. முதலியாரிடத்திலோ அச்சொல் யாதொரு சலனத்தையும் உண்டாக்கவில்லை. என்னென்ன நூல்கள் வாசித்திருக்கிறீர்கள் என்று மட்டும் அவர் கேட்டார். ஐயர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள், தலபுராணங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். கம்பராமாயணம் வரையிற் சொல்லியும் எதிரிலிருந்தவர் முகம் மலரவில்லை. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களை வாசித்ததுண்டா என்று கேட்டு, சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்ற பெயர்களை முதலியார் சொன்னார்.

இந்த இடத்தில் சற்று நிற்போம். வித்துவான் ஒருவர் தமது படிப்பின் பட்டியலைச் சொல்லி முடித்த பிறகு, அது போதாது என்று முகத்துக்கு நேரே தெரிவிப்பது நம் சமூகத்து இங்கிதத்துக்கு ஒத்ததன்று. முதலியார் ஐயரைவிட இரண்டு மூன்று வயதே மூத்தவர். அவர் படித்ததோ சட்டம். வேறொருவராயிருந்தால் “மெத்த சந்தோஷம்” என்று தாம்பூலம் கொடுத்து அனுப்பியிருப்பார். ஐயரும் அந்நூல்களை மேலாகப் பார்த்ததுண்டு என்று சொல்லி மானத்தைக் காத்துக்கொண்டிருக்கலாம். அச்சில் முழுதும் வராத நூல்களைப் பற்றி அவரைக் குறுக்கு விசாரணை செய்பவர் எத்தனை பேர்? அவர் அவ்விதம் செய்யவில்லை. பிரதிகள் கிடைக்கவில்லையென்றும், புஸ்தகம் கிடைத்தால் வாசிப்பதற்குத் தடையில்லையென்றும் உள்ளதைச் சொன்னார். அவ்விடையில் பணிவும் இருந்தது, ரோஷமும் இருந்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

முதலியார் நூலின் பெயரைச் சொன்னதோடு நின்றிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும். அவர் தம்மிடமிருந்த சிந்தாமணியின் காகிதப் பிரதியையே ஐயர் கையில் கொடுத்தார். அம்மட்டோ? அந்நூலைத் தமக்குப் பாடம் சொல்லவேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார். சிபார்சு செய்தவரே மாணாக்கராக வந்து எதிரில் உட்கார்ந்த விந்தையை வேறெங்கே காண்போம்! நாமெல்லோரும் நல்ல புஸ்தகங்களின் பெயர்களைத் தாராளமாக வழங்குகிறோம். புஸ்தகத்தை வழங்கும்போதுதான் கை சுருங்குகிறது. இரவல் போனது திரும்புவதில்லை என்று நியாயம் கூறுகிறோம். மெய்தான். பூட்டிய பீரோவிற்குள் கரையான் தின்றதும் திரும்புவதில்லையே.

பாடம் தொடங்கியது, உடனே சங்கடமும் தொடங்கியது. சிந்தாமணி ஜைன காவியம். சைவ மடத்தில் பயின்ற ஐயருக்கு அதிலுள்ள சமயச் செய்திகள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் இருந்தன. கும்பகோணத்திலேயே ஜைனர்கள் இருக்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் மூலம் அறிந்து, அவருடன் அவர்கள் வீடு தேடிச் சென்றார். சென்ற வீட்டின் வாயிலில் தோரணம் கட்டியிருந்தது. என்ன விசேஷமென்று விசாரித்தபோது, பல மாதமாக அவ்வீட்டிற் கூடிப் படித்துவந்த சிந்தாமணி அன்றுதான் பூர்த்தியாயிற்று என்று தெரிந்தது! மகாவித்துவானிடம் பாடம் கேளாத நூல், தமிழ்ப் பண்டிதருக்குப் பெயரளவில் இருந்த நூல், அதே ஊரில் குடும்பஸ்தர்கள் கூடி ஆண்டாண்டாகக் கேட்டு இன்புறும் நூலாக இருந்தது. ஒளித்து வைத்தவர் எவருமில்லை. என்ன வாசிக்கிறீர்கள் என்று அவர்களைக் கேட்டவரும் இல்லை. அங்கே சந்திரநாத செட்டியார் என்பவர் ஐயருக்குச் சந்தேகங்களையெல்லாம் தெளிவித்தார். பிற சமயத்தாருக்கு எதற்கு என்று அவர் எண்ணவில்லை.

பிறகு நடந்ததை விரிப்பது அநாவசியம். சிந்தாமணி 1887-ல் அச்சாயிற்று. 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு. ஐயர் தமது சரித்திரத்தை ஆனந்த விகடனில் 1940 முதல் 1942-ல் காலமாகும்வரை எழுதிவந்தபோது, முதலியாரைச் சந்தித்த அத்தினத்தை மறவாமல் தேதியோடு குறித்துவைத்தார்.

நம்முடைய குற்றமொன்றையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுவது நலம். சில வருஷங்களுக்கு முன் இளைஞரொருவர் நம்மிடம் வந்து, தேச சரித்திரத்தில் எதை வாசிக்கலாம் என்று கேட்டார். எல்லோரும் போற்றும் பெரிய புஸ்தகமொன்றின் பெயரைக் கம்பீரமாகச் சொன்னோம். ஒரு மாதத்துக்குப் பின் அவர் திரும்பிவந்து, அதன் நடு அத்தியாயமொன்றில் தமக்குத் தோன்றிய ஐயத்தைக் கேட்டார். நாம் முதல் ஐம்பது பக்கங்களுக்கு மேல் அதில் போனவர்களல்லர். அதைச் சொல்லத் துணியாமல் ஏதோ பொதுப்படப் பேசி அனுப்பினோம். அவர் அறிவாளி, மறுபடி வரவில்லை. வாசியாத புஸ்தகத்தைச் சிபார்சு செய்வது ருசி பாராத பண்டத்தைப் பந்தியில் பரிமாறுவதற்கு ஒப்பாகும். இக்காலத்தில் ஒரு புஸ்தகத்தின் அட்டைப்படத்தைக் கைபேசியில் நொடிப்பொழுதில் நூறு பேருக்கு அனுப்பிவிடலாம். அனுப்புகிறவர்களில் எத்தனை பேர் அட்டையைத் திறந்தவர்கள் என்று கேட்க நமக்கு அருகதையில்லை.

ஒருவர் ஒருவருக்குச் செய்த இவ்வுதவியை ஊருக்கெல்லாம் உரியதாக்க முயன்றவர் சீர்காழியிற் பிறந்த அரங்கநாதன். கணித ஆசிரியராயிருந்து 1924-ல் சென்னைச் சர்வகலாசாலைப் புஸ்தகசாலையின் தலைவரான அவர், 1931-ல் வெளியிட்ட நூலக விதிகளில், வாசகருக்கு அவருக்கேற்ற புஸ்தகம் சேரவேண்டுமென்பதோடு நிற்கவில்லை. புஸ்தகத்துக்கும் அதற்கேற்ற வாசகர் சேரவேண்டுமென்று தனியே ஒரு விதி வகுத்தார். அலமாரிகளைத் திறந்து வைக்கவேண்டும், வந்தவருக்கு வேண்டியதைக் கேட்டு எடுத்துக் காட்ட ஆள் இருக்கவேண்டும் என்பன அதிலிருந்து பிறந்தவை. அதே 1931-ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புஸ்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். 1948-ல் இம்மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் பிறந்தது; சுதந்தர இந்தியாவில் அதுவே முதலாவது. இன்று கட்டடங்கள் இருக்கின்றன. சில இடங்களில் மாளிகைகளே இருக்கின்றன. ஆனால் உள்ளே நுழையும் பையனை, போன வாரம் எடுத்துச் சென்றது எப்படியிருந்தது, பாதியில் விட்டாயா, ஏன் விட்டாய் என்று விசாரிக்கும் மனிதர் எத்தனை ஊர்களில் இருக்கிறார்? அத்தகையவர் ஒருவர் இருக்கும் ஓட்டுக்கூரைக் கிளை நூலகத்தை நாம் மாளிகைக்கு மேலாக மதிப்போம்.

இராமசுவாமி முதலியாரை நமது ராஜீய சரித்திரம் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. 1885-ல், பம்பாயில் காங்கிரஸ் மகாசபை முதன்முதல் கூடுவதற்குச் சில மாதங்கள் முன்னதாக, இந்தியர்களின் குறைகளை ஆங்கில வாக்காளர்களுக்கு எடுத்துரைக்க இங்கிலாந்துக்குச் சென்ற மூவரில் சென்னை மாகாணத்தின் பிரதிநிதி அவர். அங்கே அவர் பேசியவற்றை இன்று நினைப்பவர் அரியர். அவர் நாற்பது வயது நிரம்புமுன்பே 1892 மார்ச்சில் காலமானார். சிந்தாமணியை அச்சில் கண்டுவிட்டார். சிலப்பதிகாரம் அவ்வருஷமே பின்னர் வெளிவந்தது. அன்று கும்பகோணத்தில் அவர் பெயர் சொல்லிக் கேட்ட மணிமேகலை அச்சேறியபோது வருஷம் 1898.